அம்மாச்சிகூட ஃப்ளைட்ல போற குழந்தைக்கு ஐடி வேணுமா?

"குழந்தைக்கெல்லாம் ஐடி கேக்க மாட்டாங்கம்மா. நீ உன் ஆதாரை மட்டும் எடுத்துக்க, போதும்."

இதைச் சொன்னது நான்தான். எந்த ஆவணத்தை எங்கே வாங்குவது, எதில் எப்படித் திருத்தம் செய்வது என்று வாராவாரம் இந்தப் பகுதியில் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கும் அதே நான். அதை நம்பித்தான் போன மே மாதக் கடைசியில் எங்கள் அம்மா, ஒரத்தநாட்டிலிருந்து பேத்தியைக் கூட்டிக்கொண்டு திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினார்.

அக்கா குடும்பம் பெங்களூரில் இருக்கிறது. அவள் மகளுக்கு 6 வயது. லீவு விட்டால் அம்மாச்சி வீடுதான். ஊருக்கு வரும்போது அக்காவே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள். திரும்பும்போதுதான் சிக்கல். தஞ்சாவூர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸில் வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை. அக்காவுக்கும் அத்தானுக்கும் லீவு கிடைக்கவில்லை. "நானே கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன், ஃப்ளைட்டைப் போடு" என்று அம்மா சொல்ல, சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் டிக்கெட் போட்டேன். அம்மாவுக்கு அது இரண்டாவது விமானப் பயணம். துணைக்குப் பெரியவர்கள் யாரும் இல்லாமல் போவது முதல் முறை.

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, சுகோய் பறக்கிறது. ஆனால், நம்மைப் போன்றவர்கள் ஏறிப்போக இப்போதைக்குத் திருச்சிதான். ஒரத்தநாட்டிலிருந்து சுமார் 75, 80 கிலோமீட்டர். 4 மணி ஃப்ளைட்டுக்கு அம்மா 10 மணிக்கே காரை வரச் சொல்லிவிட்டார். "எதுக்கும்மா இவ்ளோ சீக்கிரம்?" என்று போனில் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

1 மணிக்கு போன் வந்தது. "பாப்பாவுக்கு ஐடி கேக்குறாங்கடி. இல்லாம உள்ள விட மாட்டாங்களாம்."

நடந்ததை அம்மா பிறகு நிதானமாகச் சொன்னார். நுழைவாயிலில் இருந்த சி.ஐ.எஸ்.எஃப். வீரர் வட இந்தியக்காரர். டிக்கெட்டைப் பார்த்தார், அம்மாவின் ஆதாரைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். குனிந்து குழந்தையிடமே, அம்மாவைக் காட்டி யார் என்று கேட்டிருக்கிறார். "அம்மாச்சி" என்றிருக்கிறாள். அந்தச் சொல் அவருக்குப் புரியவில்லை. "அம்மா?" என்றிருக்கிறார். "இல்ல, அம்மாச்சி." பிறகு அவராகவே யோசித்து, "நானி?" என்று கேட்க, பெங்களூர்ப் பள்ளியில் இந்தி கேட்டு வளர்ந்தவள் வேகமாகத் தலையாட்டியிருக்கிறாள். அவரும் சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு, "பச்சா கா ஐடி?" என்று கையை நீட்டியிருக்கிறார்.

"எம் பேத்திங்க சார்" என்பதைத் தவிர அம்மாவிடம் காட்ட வேறொன்றும் இல்லை.

நான் சொன்னதில் பாதிதான் உண்மை

2017 அக்டோபரில், விமானப் பயணப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் பி.சி.ஏ.எஸ். அமைப்பு ஓர் உத்தரவு போட்டது. ஏர்போர்ட் வாசலில் எந்த அட்டை செல்லும், எது செல்லாது என்று பயணிகளுக்கும் காவலுக்கு நிற்பவர்களுக்கும் இடையே வாக்குவாதம் வராமல் இருக்க, 10 அடையாள ஆவணங்களை அதில் வரிசைப்படுத்தியிருந்தார்கள். பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார் அல்லது எம்-ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பணியிட அடையாள அட்டை, மாணவர் அடையாள அட்டை, போட்டோ ஒட்டிய தேசிய வங்கி பாஸ்புக், பென்ஷன் அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. இவற்றில் ஏதாவது ஒன்று, ஒரிஜினலாக இருந்தால் போதும். நம் வீடுகளில் பீரோவுக்குள் முதலிடம் பிடித்திருக்கும் ரேஷன் ஸ்மார்ட் கார்டு இந்தப் பத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அதே உத்தரவில்தான் குழந்தைகளுக்கான சலுகையும் வந்தது. செல்லத்தக்க அடையாள அட்டை வைத்திருக்கும் பெற்றோருடன் வரும் குழந்தைகள், தனியாக அடையாளத்தை நிரூபிக்க வேண்டாம். நான் படித்து மனதில் வைத்திருந்தது இதைத்தான். "குழந்தைக்கு ஐடி வேண்டாம்" என்பது நினைவில் நின்றது. "பெற்றோருடன்" என்ற சொல் நழுவிவிட்டது.

நம் பக்கத்துக் குடும்பங்களை யோசித்துப் பாருங்கள். அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். அம்மா சென்னையிலோ ஓசூரிலோ வேலையில் இருப்பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் போகிறவர்கள் அப்பாயி, அம்மாச்சி, தாத்தா, தாய்மாமன், சித்திதான். இவர்கள் யாரும் பெற்றோர் இல்லை. "நான்தான் கார்டியன்" என்று சொல்லிப் பார்க்கலாம். சிலர் பேச்சை நம்பி விட்டுவிடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். வாசலில் நிற்பவரின் மனசை நம்பி 80 கிலோமீட்டர் போக முடியாது.

எனக்கு அன்றைக்கு அந்த வீரர் மேல் கோபம்தான் வந்தது. வயதான ஒரு அம்மா, கையைப் பிடித்துக்கொண்டிருக்கும் பேத்தி, பார்த்தாலே தெரியாதா என்று. அக்காதான், அவ்வளவு பதற்றத்திலும், "அவர் கேக்கறது சரிதானடி. யாரோ ஒருத்தங்க என் பொண்ணைக் கூட்டிட்டுப் போய், நான்தான் பாட்டின்னு சொன்னா விட்ருவாங்களா?" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் குறை சொல்லவில்லை.

மொட்டைத் தலை போட்டோ

இனி, அந்த ஒன்றரை மணி நேரம். அக்கா வாட்ஸ்அப்பில் இருந்த மகளின் ஆதார் படத்தை அனுப்பினாள். போனில் இருக்கும் போட்டோ செல்லாது, ஒரிஜினல் வேண்டும் என்றுவிட்டார்கள். எம்-ஆதார் ஆப்பில் காட்டலாம். அதில் நம் ஆதாரோடு, அதே மொபைல் எண் பதிவாகியிருக்கும் வீட்டுக்காரர்களின் ஆதாரையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஆனால், குழந்தையின் ஆதாரில் பதிவாகியிருந்தது அத்தானின் எண். அந்த போன் பெங்களூரில், ஒரு மீட்டிங்கில், சைலன்ட்டில் கிடந்தது.

மிச்சம் இருந்த வழி, இ-ஆதாரை டவுன்லோடு செய்து பிரின்ட் எடுப்பது. அதற்கும் அதே எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. போகும். அக்கா அத்தானின் அலுவலக ரிசப்ஷனுக்கு போன் செய்து, ஆளை வெளியே வரவைத்து, ஓ.டி.பி. வாங்கி, பி.டி.எஃப். இறக்கி எனக்கு அனுப்பினாள். திறந்தால் பாஸ்வேர்டு கேட்டது. பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் கேப்பிட்டலில், அதோடு பிறந்த வருடம். இது எனக்குத் தெரியும், இதைப் பற்றி எழுதியே இருக்கிறேன். போட்டேன், திறக்கவில்லை. இரண்டாவது தடவையும் திறக்கவில்லை. குழந்தையின் ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கிறது. அந்த இனிஷியலும் அதன் பின்னால் இருக்கும் புள்ளியும்கூட அந்த 4 எழுத்துக் கணக்கில் சேரும். தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் முட்டிக்கொண்டிருப்போம்.

நல்லவேளை, கார் டிரைவர் திரும்பிப் போகவில்லை. எங்கள் தெருக்காரர். "அக்கா உள்ள போறவரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்" என்று நின்றிருந்தார். அவருக்கு பி.டி.எஃப்-பை அனுப்ப, ரோட்டுப் பக்கம் போய் ஒரு ஜெராக்ஸ் கடையில் கலர் பிரின்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குள் குழந்தை இரண்டு முறை கேட்டுவிட்டாளாம். "அம்மாச்சி, உன்னை மட்டும் உள்ள விட்டுட்டு, என்னை விட மாட்டாங்களா?"

பிரின்ட்டைப் பார்த்த வீரர், போட்டோவைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார். 1 வயதில் எடுத்த ஆதார். குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு, சந்தனம் பூசி, ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. எதிரில் நிற்பதோ இரட்டைப் பின்னலும் பூவுமாக 6 வயதுப் பெண். அவர் பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் சிரித்துவிட்டு, சீல் வைத்து உள்ளே அனுப்பியிருக்கிறார்கள். மணி 2:30. அம்மா 10 மணிக்குக் கிளம்பியிருக்காவிட்டால் அந்த ஃப்ளைட் போயிருக்கும்.

அந்த மொட்டைத் தலையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுப்பது பால ஆதார், நீல நிறத்தில் வரும். அதற்கு முகத்தைப் போட்டோ எடுப்பார்கள். கைரேகையும் கருவிழியும் பதிவாவது இல்லை. பெற்றோர் ஒருவரின் ஆதாரோடு அதை இணைத்திருப்பார்கள். 5 வயது ஆனதும் கைரேகை, கருவிழி, புது போட்டோ கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். 15 வயதில் மறுபடி ஒருமுறை. 5 முதல் 7 வயதுக்குள் போனால் கட்டணம் கிடையாது. வீட்டில் 5 வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால், அந்த அட்டையை எடுத்து போட்டோவை ஒருமுறை பாருங்கள். அக்கா ஜூன் முதல் வாரமே போய் மாற்றிவிட்டாள்.

இரண்டு வாசல், இரண்டு கேள்வி

இதை எழுதுவதற்காக விதிமுறைகளை மறுபடி முழுசாகப் படித்தபோதுதான், நம் குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று புரிந்தது. ஏர்போர்ட்டில் குழந்தையைப் பற்றி இரண்டு இடங்களில் கேட்கிறார்கள், இரண்டும் வேறு வேறு கேள்விகள். வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். கேட்பது, "இது யார்?" கவுன்டரில் விமான நிறுவனம் கேட்பது, "இதற்கு என்ன வயசு?" அப்பா அம்மாவுடன் போனால் முதல் கேள்வி வராமல் போகலாம். கைக்குழந்தையாக இருந்தால் இரண்டாவது கேள்வி, யாரோடு போனாலும் வரும்.

காரணம், டிக்கெட். 2 வயது நிறையாத குழந்தைக்குத் தனி சீட் கிடையாது, மடியில் வைத்துக்கொள்ளலாம், கட்டணமும் குறைவு. அதனால் வயதுக்குச் சான்று கேட்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், தடுப்பூசி அட்டை, பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, இப்படிப் பிறந்த தேதி இருக்கும் ஏதாவது ஒன்று. எதுவுமே இல்லையென்றால் முழு டிக்கெட் எடுக்கச் சொல்லிவிடுவார்கள். பச்சைக் குழந்தை என்றால் இன்னும் ஒன்று: பிறந்து எத்தனை நாள் ஆன பிறகு ஏற்றிக்கொள்வார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பிரசவம் முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கு இது புதுப் பழக்கம். பஸ்ஸில் கண்டக்டரின் கண்தான் வயதுச் சான்று. பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பார், "என்னம்மா, 5 வயசு தாண்டிருக்கும் போலயே" என்பார், "இல்லண்ணே, வளத்தி அப்படி" என்போம், முடிந்தது. ஒரத்தநாட்டிலேயே சரபோஜி மன்னர் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட இடம். அங்கே யாரும் பேத்திக்குச் சான்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று அம்மா இப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சத்திரம் பறக்காதே என்று நான் சமாளிப்பேன்.

பிறப்புச் சான்றிதழ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கயிற்றின் நுனி அதுதான். குழந்தை பிறந்து 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிட்டால் கட்டணமில்லை. ஆஸ்பத்திரியில் பிறந்தால் அங்கிருந்தே பதிவாகிவிடும். ஆனால், நம் வீடுகளில் 21 நாளில் பெயர் எங்கே வைக்கிறோம்? ஜாதகம் எழுதி, எழுத்துப் பார்த்து, நியூமராலஜிக்காரர் சொன்னார் என்று ஒரு 'ஹெச்'சைக் கூடுதலாகச் சேர்த்து முடிப்பதற்குள் 3 மாதம் ஆகிவிடும். அதனால் நிறைய சான்றிதழ்களில் பெயர் கட்டம் காலியாகவே கிடக்கும். பதிவு செய்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி, 15 வருடம் வரை சேர்க்கலாம். சேர்க்கும்போது நீங்கள் சொல்லும் ஸ்பெல்லிங்தான் பிறகு ஆதாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும், யோசித்துச் சொல்லுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளியில் சேர்ப்பது தொடங்கி பாஸ்போர்ட் வரைக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அடிப்படைச் சான்று இந்தக் காகிதம்தான் என்று சட்டமே ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் பதிவானதை crstn என்ற அரசுத் தளத்தில் தேடி நீங்களே இறக்கிக்கொள்ளலாம்.

டிக்கெட்டில் பெயர் போடும்போதும் இதே கவனம் தேவை. வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டு டிக்கெட் எடுத்துவிட்டு, அட்டையில் வேறு பெயரோடு போய் நிற்கிறவர்கள் உண்டு. அட்டையில் எப்படி இருக்கிறதோ, இனிஷியலோ அப்பா பெயரோ, அப்படியே டிக்கெட்டிலும் வரட்டும்.

பெரிய பிள்ளைகளைத் தனியாக அனுப்புவது பற்றியும் கேட்கிறார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் 5 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளைத் தனியாக ஏற்றிக்கொள்ள ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. கூடுதல் கட்டணம் உண்டு. கொண்டுவந்து விடுபவர், அந்தப் பக்கம் வந்து அழைத்துக்கொள்பவர் இருவரின் விவரங்களும் படிவத்தில் இருக்க வேண்டும். அழைக்க வருகிறவர் தன் அடையாளத்தைக் காட்டாமல் பிள்ளையை ஒப்படைக்க மாட்டார்கள். 12 தாண்டினால் பெரியவர்களைப் போலவே போகலாம், ஆனால் கையில் சொந்த ஐடி இருந்தாக வேண்டும். பள்ளி அடையாள அட்டை இங்கேதான் உதவும். அந்தப் பத்தில் மாணவர் அட்டையும் இருக்கிறதே. எங்கள் பேத்தி விஷயத்திலும் அவளது ஸ்கூல் ஐடி பெங்களூர் வீட்டில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. லீவுக்கு எதற்கு ஸ்கூல் ஐடி என்று அக்கா எடுத்து வைக்கவில்லை.

சீட்டைப் பற்றியும் ஒரு வரி. குழந்தை ஒரு மூலையிலும் பெரியவர்கள் ஒரு மூலையிலும் உட்காரும் கொடுமை இருந்தது இல்லையா? ஒரே பி.என்.ஆரில் பயணம் செய்தால், 12 வயது வரை உள்ள குழந்தைக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் பக்கத்திலாவது சீட் தர வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. 2024 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. அதனால் குழந்தையின் டிக்கெட்டைத் தனியாகப் போடாதீர்கள், கூடப் போகிறவர் டிக்கெட்டோடு சேர்த்தே போடுங்கள்.

அம்மா இப்போது ஒரு மஞ்சப்பை வைத்திருக்கிறார். அதில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பேத்தியின் புது ஆதார், பிறப்புச் சான்றிதழ் ஜெராக்ஸ், அக்காவின் ஆதார் ஜெராக்ஸ், "என் மகளை என் அம்மாவுடன் அனுப்புகிறேன்" என்று அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தாள். அந்தத் தாளை யாரும் கேட்கவில்லை, எந்த விதியிலும் இல்லை. "இருக்கட்டும்டி, கனமா கனக்குது?" என்று அதையும் வைத்திருக்கிறார். மொட்டைத் தலை ஆதாரையும் தூக்கிப் போடவில்லை.

விஷயம் தெருவில் பரவி, ஏர்போர்ட் போகிறவர்கள் எல்லாம் இப்போது அம்மாவிடம் வந்துவிட்டுத்தான் போகிறார்கள். அம்மா சந்தேகம் வந்தால் எனக்கு போனைப் போடுகிறார். போன வாரம் பக்கத்து வீட்டு அத்தை பேசினார். பேரனைத் தூக்கிக்கொண்டு மகளோடு சென்னைக்குப் போகிறார்கள், வியாழக்கிழமை போய் அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்புகிறார்கள். இரண்டு பக்கமும் மடி டிக்கெட் போட்டாகிவிட்டது. பேரனுக்குப் பிறந்த நாள் எப்போது என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு 2 வயது முடிகிறது.

போகும்போது அவன் கைக்குழந்தை, வரும்போது சீட் வாங்க வேண்டிய ஆள். பயணம் செய்யும் நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு என்று விளக்கினேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ரெண்டு நாள்ல அப்படி என்னம்மா வளந்துருவான்? நான் மடியிலயே வச்சுக்குறேன்னு சொல்லேன் அவங்ககிட்ட."

திரும்பும் டிக்கெட்டை மாற்றிக் கொடுத்தேன். ஜன்னல் ஓரத்து சீட்டாம். பேரன் ஏறினதும் தூங்கிவிட்டானாம், அத்தைதான் வழி முழுக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாராம்.